பேர்ள் அன்ரி பேசிவைத்த கலியாணங்கள்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் எண்பத்து நாலாம் ஆண்டுக்குப் பிறகு நடந்த தமிழ்க் கத்தோலிக்கக் கலியாணங்களில் பாதிக்கு மேல் பேர்ள் பேசிவைத்தவை. மீதியைப் பேசிவைத்தவர்களும் பேர்ளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். அவளுக்கு மட்டும் யாரும் பேசவில்லை. அதை ஒருவரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. பந்தியில் இருப்பவர்கள் சமையற்காரன் சாப்பிட்டானா என்று எங்கே கேட்கிறார்கள்?

பேர்ள் முருங்கன்காரி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தமையன் பேர்னாட்டின் குடும்பத்தோடு வந்து லிட்கமில் ஒரு சின்ன பிளாட்டில் இறங்கினாள். அப்போது இருபத்தெட்டு வயது. பரமட்டாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. ஆட்களின் முகத்தைப் பார்த்து இந்த முகத்துக்கு இந்தக் கண்ணாடி என்று சொல்வதில் அவளுக்கு நல்ல கெட்டித்தனம். அது எப்படியோ வளர்ந்து, இந்தப் பெடியனுக்கு இந்தப் பெட்டை என்று சொல்வதில் வந்து நின்றது.

அந்தக் காலத்தில் இங்கே பெண் பார்ப்பது பெரிய சங்கடமாக இருந்தது. ஊரிலென்றால் கோவில் திருநாளில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இங்கே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, றோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அடுத்த நாள் ஹோம்புஷ் முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கதை. இருந்ததே கொஞ்சக் குடும்பங்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் இருக்கவும் முடியாது. பேர்ள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

சனிக்கிழமை காலையில் பெண் தன் ஆட்களோடு லிட்கம் ஸ்டேஷனில் நகரத்துக்குப் போகும் பக்கம் நிற்பாள். மாப்பிள்ளை பரமட்டா போகும் பக்கம் நிற்பார். நடுவில் தண்டவாளம். ஒரு சொல் பேசத் தேவையில்லை. பிடிக்காதவர் தன் பக்கம் வருகிற முதல் ரயிலில் ஏறிப் போய்விடலாம். பிடித்தவர் அந்த ரயிலை விட்டுவிட்டு நிற்க வேண்டும். இரண்டு பேரும் நின்றால் பின்னேரம் பேர்ள் தொலைபேசியில் பேச்சைத் தொடங்குவாள். யாருக்கும் மானக்கேடு இல்லை, ஒரு ரயில் டிக்கெட்டோடு போயிற்று. வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் அறியாமல் பேப்பர் வாசித்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

பேர்னாட் வீட்டுக்கு ஞாயிறு பூசை முடிந்து தனிக்கட்டைப் பெடியன்கள் நாலைந்து பேர் சாப்பிட வருவார்கள். அவர்களில் ஒருவர் கொட்பிறி. பேசாலைக்காரர், லிப்ட் திருத்துகிற வேலை. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஹோலில் கிரிக்கெட் பார்ப்பார்கள். கொட்பிறி மட்டும் குசினிக்குள் வந்து, பேர்ள் கழுவிவைக்கிற தட்டுகளைத் துடைப்பார். துடைப்பதென்று பெயர்தான், தட்டில் தண்ணீர் அப்படியே நிற்கும். பேர்ள் அவற்றைத் திரும்பத் துடைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் அந்தக் குசினியில் அந்த ஆள் பக்கத்தில் நின்று, அடைபட்ட லிப்டுக்குள் யார் அழுதார், யார் சிரித்தார் என்று சொல்லிக்கொண்டிருப்பதற்காக அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் அவர் துடைத்த தட்டை வைத்துவிட்டுக் கேட்டார். "பேர்ள், எல்லாருக்கும் பாக்கிறியள். எனக்கும் ஒரு இடம் பாருங்கோவன்."

அன்றைக்கு முழுக்க பேர்ளுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. இது தன்னைக் கேட்கிற விதமா, இல்லை உண்மையிலேயே ஒரு இடம் கேட்கிறாரா? தன் பேச்சைத் தானே எடுக்க ஒரு பெண்ணுக்கு வழி இல்லை. தகப்பன் இல்லாதபடியால் அது தமையனின் வேலை. அவள் பேர்னாட்டிடம் போய், "கொட்பிறிக்கு ஆள் பாக்க வேணுமாம் அண்ணை," என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதைவிட வெளிச்சமாக ஒரு தங்கச்சி எப்படிச் சொல்வது?

"அப்ப பாரன்," என்றான் பேர்னாட், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்குத்தானே இதெல்லாம் நல்லாத் தெரியும்."

பாஷையூர் ரீற்றா அப்போதுதான் ஹோம்புஷில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். இருபத்து நாலு வயது, சிரித்த முகம், யாருக்கும் பிடிக்கும். பேர்ள் தன் வேலையில் கள்ளம் செய்யத் தெரியாதவள். கொட்பிறிக்குப் பொருத்தம் யார் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தால் ரீற்றாதான். பாழாய்ப்போன நேர்மை.

அந்தச் சனிக்கிழமை ரீற்றாவுக்குத் துணையாக நகரப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் நின்றது பேர்ள்தான். எதிரே கொட்பிறி, இஸ்திரி போட்ட சட்டையோடு. அவர் இந்தப் பக்கம் பார்த்தார். ரீற்றாவைப் பார்க்கிறாரா, தன்னைப் பார்க்கிறாரா என்று பேர்ளுக்கு ஒரு கணம் தெரியவில்லை. அந்த ஒரு கணத்தை அவள் பிறகு எத்தனையோ வருடம் எடுத்து எடுத்துப் பார்த்தாள். பரமட்டா ரயில் வந்து நடுவில் நின்று அவரை மறைத்தது. பேர்ள் கண்ணை மூடி, அந்தோனியாரே, இந்த மனிசன் ஏறிப் போகட்டும் என்று மன்றாடினாள். தான் பேசிவைத்த ஒரு பேச்சு முறிய வேண்டும் என்று அவள் மன்றாடியது அந்த ஒருமுறைதான். ரயில் போனது. கொட்பிறி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நிக்கிறார்," என்று ரீற்றா அவள் கையைக் கிள்ளினாள்.

"ஓம். நிக்கிறார்."

கலியாணம் நடந்தது. பேர்ள் கேக் வெட்ட உதவி செய்தாள். ரீற்றாவை வெறுக்க முடியவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டம். ரீற்றா எதற்கெடுத்தாலும் பேர்ள் அக்காவைத்தான் கேட்பாள். மகள் யசிந்தா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியதும் பேர்ள்தான். பேர்னாட் மெல்பேர்னுக்கு வேலை மாறிப் போனான். அங்கிருந்து தங்கச்சிக்கு இரண்டு மூன்று சம்பந்தம் சொல்லியும் பார்த்தான். பேர்ள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டுச் சொன்னாள். கொஞ்சக் காலத்தில் அவனும் களைத்துப் போனான். ஊருக்கு அவள் பேர்ள் அன்ரி ஆகிவிட்டாள்.

காலம் மாறியது. தொண்ணூறுகளில் பிளாட்பாரம் எடுபடவில்லை. "பாக்கிறது மட்டும் காணாது அன்ரி, கதைக்க வேணும்," என்றார்கள் பெட்டைகள். சரியென்று பேர்ள் அவர்களை ஹரிஸ் பார்க்கில் ஒரு கடைக்கு அழைத்துப்போய்ச் சுவர்ப் பக்கம் பார்த்து இருத்திவிட்டு, அடுத்த மேசையில் முதுகு காட்டி இருந்து தேத்தண்ணி குடித்தாள். முதுகு காட்டினாலும் காது அங்கேதான். வேலை, படிப்பு, எந்த ஊர் என்று கேட்டு முடிந்தபிறகு ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில் யாராவது சிரித்தால் கலியாணம் சரி. பின்னால் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் பேர்ள் தேத்தண்ணியைத் திரும்பக் கலக்குவாள். ஒரு ஆணோடு ஒரு மேசையில் தனியே இருந்து தேத்தண்ணி குடிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டதுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு கூத்து. யூனிவேர்சிட்டியிலும் இன்டர்நெட்டிலும் தாங்களாகவே சோடி சேர்ந்துகொண்டு பிள்ளைகள் பேர்ளிடம் வந்தார்கள். "அன்ரி, நீங்கள் கொண்டுவந்த பேச்சு மாதிரி அம்மாட்டைச் சொல்லுங்கோ." பேர்ளும் போய்ச் சொன்னாள். தாய்தகப்பன் விசாரித்தார்கள், யோசித்தார்கள், பெரிய மனதோடு சம்மதித்தார்கள். கலியாண மேடையில் பேர்ள் அன்ரிக்கு நன்றி சொன்னார்கள். பாதிப் பெற்றோருக்கு உண்மை தெரியும். ஆனாலும் முறைக்கு ஒருவர் வந்து கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. பேர்ள் களவாக வந்த காதலை முன் வாசலால் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறவள் ஆனாள்.

ரீற்றா இரண்டாயிரத்து நாலில் புற்றுநோயில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் பேர்ள் பென்டில் ஹில்லில் அவர்கள் வீட்டிலேயே நின்று சமைத்தாள். பிறகு போவதை நிறுத்திக்கொண்டாள். கலியாணமாகாத பெண், மனைவியை இழந்த ஆணின் வீட்டுப் படியைக் காரணமில்லாமல் ஏற முடியாது. டிசம்பரில் நத்தாருக்குக் கேக் கொண்டுபோவாள். ரீற்றாவின் திவசத்துக்குப் போவாள். வருடத்தில் இரண்டு காரணம். இரண்டு முறையும் வாசல் கதவு திறக்கும்போது தான் இன்னும் முப்பது வயதுக்காரி மாதிரி நடுங்குவதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில் யசிந்தா கண்ணாடிக் கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, பார்மசி படிக்கிறாள். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவள், ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"பெடியன் ஆர்?" என்று கேட்டாள் பேர்ள்.

யசிந்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "நிரோஷன். யோகேஸ்வரன் அங்கிளின்ர மகன். ஆனா அவை சைவ சமயம், அன்ரி. அப்பா ஓகே சொல்லுவாரோ தெரியேல்ல. ப்ளீஸ், நீங்கள்தான் சொல்ல வேணும். நீங்கள் சொன்னா அப்பா கேப்பார்."

"சொல்லுறன். எல்லாருக்கும் நான் இருக்கிறன். எனக்கெண்டு ஒண்டு சொல்ல வேணுமெண்டா ஆரை அனுப்பிறது?"

பகிடி மாதிரித்தான் சொன்னாள். யசிந்தாவின் கண் விரிந்தது. "அன்ரி! யாரும் இருக்கினமா? ஜஸ்ட் ஆஸ்க் ஹிம்! இந்தக் காலத்தில என்ன?"

தன் காதலைத் தகப்பனிடம் சொல்லப் பயந்து இன்னொருத்தியை அனுப்புகிற பிள்ளை சொல்கிற புத்தியைப் பாருங்கள். பேர்ள் சிரித்தாள். ஆனால் அன்றிரவு அந்த வார்த்தை அவளைத் தூங்க விடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பென்டில் ஹில்லுக்குப் போனாள். கொட்பிறி அவளைக் குசினியில் கதிரை இழுத்துப் போட்டு இருத்தி, தானே தேத்தண்ணி போட்டார். தலை நன்றாக நரைத்துவிட்டது. பேர்ள் தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான பேச்சைத் தொடங்கினாள்.

"யசிந்தாவுக்கு ஒரு இடம் பாத்திருக்கிறன். யோகேஸ்வரன்ர மூத்த பெடியன். எஞ்சினியர். சைவம்தான், ஆனா நல்ல சனம். நானாத்தான் யோசிச்சனான், பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

"பேர்ள்," என்றார் கொட்பிறி. "போன வருசம் ஹரிஸ் பார்க்கில அவை ரெண்டு பேரும் ஒரு பிளேட்டில தோசை சாப்பிட்டதை நான் கண்டனான்."

பேர்ளுக்கு முகம் சுருங்கிப் போனது. "அப்ப ஏன் பிள்ளையை ஒண்டும் கேக்கேல்லை?"

"எனக்கு முழுச் சம்மதம். ஆனா அவள் உங்களிட்டைத்தான் வருவாள் எண்டு தெரியும். நீங்கள் என்னட்டை வருவியள். உங்களுக்கு இஞ்ச வாறதுக்கு ஒரு காரணம் வேணுமே."

சொல்லிவிட்டு அவர் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார். பேர்ள் அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. இனி எழுந்து போக வேண்டியதுதான். யசிந்தா கட்டிக்கொண்டு போய்விட்டால் இந்த வீட்டுக்கு வர இனி ஒரு பேச்சும் மிஞ்சாது. நத்தார்க் கேக்கும் திவசமும்தான். வாழ்க்கை முழுக்க மற்றவர்களின் ஆசையைக் காவிக்கொண்டு திரிந்த அவளுக்குத் தன் ஆசையைக் காவிக்கொண்டு போக இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் அது அவளோடு குழிக்குள் போகும்.

"இன்னொரு பேச்சும் கொண்டந்தனான்," என்றாள்.

"ஆருக்கு? எனக்கு ஒரு பிள்ளைதானே."

"உங்களுக்கு."

கொட்பிறி தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். திரும்பவில்லை.

பேர்ள் எந்தப் பேச்சிலும் குறையை முதலில் சொல்கிறவள். "பொம்பிளைக்கு அம்பத்து நாலு வயசு. தாய்தேப்பன் இல்லை. சீனி வருத்தம் தொடங்கியிருக்கு. கோவம் வரும். கனகாலம் தனிய இருந்தபடியா, சாமானை ஆரும் இடம் மாத்தி வைச்சாப் பிடிக்காது. முதல் கலியாணம்தான். வந்த சம்பந்தம் எல்லாத்தையும் வேண்டாமெண்டவள்." அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்தாள். "உங்களை நினைச்சுக்கொண்டு வேண்டாமெண்டவள்."

கொட்பிறி வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். கையில் ஈரம் அப்படியே இருந்தது. "எப்ப துவக்கம், பேர்ள்?"

"ரீற்றாவைக் கட்டுறதுக்கு முந்தித் துவக்கம்."

அவர் ஈரக் கையை மேசைத் துணியில் துடைத்தார். பிறகு, "உங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது," என்றார். "அப்ப நான் உங்களை அப்பிடி நினைக்கேல்லை. ரீற்றாவோட நான் நல்லா வாழ்ந்தனான்."

"தெரியும். நான் பேசிவைச்ச கலியாணம்தானே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்தார். "இப்ப நினைக்கிறன்," என்றார். "ஒரு ரெண்டு வருசமா. நத்தார் எப்ப வரும் எண்டு சின்னப் பிள்ளை மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இந்தச் சொல்லுக்காக அவள் எத்தனை ஞாயிறு ஏங்கியிருப்பாள்! ஆனால் கொட்பிறி நிறுத்தவில்லை.

"ஆனா பிள்ளையின்ர அலுவல் முடியட்டும். படிப்பு முடிச்சு, ரெண்டு வருசத்தில கட்டுவினம். அதுக்கு முந்தித் தேப்பன் மாப்பிள்ளையா நிண்டா யோகேஸ்வரன்ர ஆக்கள் என்ன நினைப்பினம்? சனம் சிரிக்கும். அதுக்குப் பிறகு ஆறுதலாப் பாப்பம்."

பிறகு பார்ப்பம் என்று சொன்னவர்கள் பிறகு பார்த்ததை பேர்ள் தன் அனுபவத்தில் கண்டதில்லை. அந்தச் சொல்லைப் பெண் வீட்டாரிடம் பக்குவமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். அதைக் கேட்டுத் தலையாட்டிய பெண்களின் முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலாது," என்றாள்.

"பேர்ள்..."

"காத்திருக்கிறதில நான் கெட்டிக்காரிதான். இனி ஏலாது. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ஹரிஸ் பார்க்கில, அந்தத் தோசைக் கடைக்கு வெளியில மேசை போட்டிருப்பினம். நான் அங்க இருப்பன். வாறதெண்டா வாங்கோ. வராட்டி, யசிந்தாவின்ர கலியாணத்துக்கு நான் வருவன், ஆனா இந்த வீட்டுக்கு இனி வரமாட்டன்."

"ஞாயிற்றுக்கிழமை முழுச் சனமும் அங்கதான் நிக்கும். எல்லாரும் பாப்பினம்."

"பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு பேர்ள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிறு பின்னேரம் ஹரிஸ் பார்க்கில் நடக்க இடமில்லை. பேர்ள் நீலப் பட்டுச் சேலை கட்டி, தெருவைப் பார்த்த மேசையில் இருந்தாள். உள்ளே இடம் இருக்கிறது என்று கடைக்காரப் பெண் சொன்னாள். வேண்டாம் என்றாள். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. சொன்ன நேரம் கடந்துவிட்டது. போகிறவர்கள் எல்லாம் கையசைத்தார்கள். இந்த வயதில் இப்படி வந்து இருக்கிறேனே, எனக்கென்ன விசரா என்று அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் எழுந்து போக மனம் வரவில்லை. வருகிற ஒவ்வொரு நரைத்த தலையிலும் அவள் கண் போய்ப் போய் ஏமாந்து திரும்பியது.

விஜயா வந்து மேசையருகில் நின்றாள். அவளுடைய இரண்டு மகன்மாருக்கும் பேர்ள்தான் பெண் பார்த்துக் கொடுத்தவள். விஜயாவின் காதில் விழுந்தால் பென்டில் ஹில் முழுக்கப் படம் போட்டுக் காட்டியது மாதிரி.

"என்ன பேர்ள், இண்டைக்கு ஆருக்குப் பேச்சு? பொம்பிளை உள்ளுக்கோ?"

எத்தனையோ பொய் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. சும்மா வந்தனான் என்றால் போதும், விஜயா போய்விடுவாள்.

"எனக்கு," என்றாள் பேர்ள்.

விஜயா சிரிக்கத் தொடங்கி, பேர்ளின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். அந்த நேரம்தான் ஸ்டேஷன் பக்கமிருந்து கொட்பிறி வந்தார். விஜயாவைக் கண்டதும் அவர் கால் நின்றது. பேர்ள் அவரைப் பார்த்தாள். அவர் பேர்ளைப் பார்த்தார். பிறகு சட்டென்று பக்கத்தில் இருந்த இனிப்புக் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

பேர்ளுக்கு எல்லாம் விளங்கியது. இனிப்பு வாங்க வந்தவர் மாதிரி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்தால் போய்விடுவார். அவரைக் கோபிக்கவும் அவளுக்கு மனமில்லை. அவருக்கும் பயம், அவ்வளவுதான். விஜயா ஏதோ கேட்டாள். பேர்ள் காதில் விழவில்லை. ஆறின கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

கொட்பிறி வெளியே வந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி. நேராக மேசைக்கு வந்து பெட்டியைத் திறந்து விஜயாவிடம் நீட்டினார்.

"எடுங்கோ அக்கா."

விஜயா ஒரு லட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன விசேசம், தம்பி?"

"நல்ல விசயம்தான். வீட்டை போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கொட்பிறி கதிரையை இழுத்து பேர்ளுக்கு எதிரே இருந்தார். நெற்றியில் வேர்வை.

"சுணங்கிப் போச்சு, பேர்ள்."

"ஓம்," என்றாள் பேர்ள். "நல்லாச் சுணங்கிப் போச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் சனம் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தை மூடாமல் அழுதாள்.